40 ஆயிரம் ரூபாய்க்குள் முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறீங்களா? பாடியில் மிச்சம் பிடிச்சு லென்ஸில் போடுங்க!

விஸ்காம் சீட் கிடைத்த வீடுகளில் ஃபீஸுக்கு அடுத்து வரும் பெரிய செலவு கேமராதான். "டிஎஸ்எல்ஆர் வாங்கணும்ப்பா" என்று பிள்ளை கேட்க, சீட்டுப் பணத்தையோ நகைக்கடனையோ புரட்டி, 40 ஆயிரம் ரூபாயோடு அப்பா கடைக்குப் போகிறார். அரை மணி நேரத்தில் கேமரா, ரெண்டு லென்ஸ், பை, ட்ரைபாட், மெமரி கார்டு எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய பெட்டி கைக்கு வந்துவிடுகிறது.

சிக்கல் தெரிவது அதற்குப் பிறகு. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், படம் ஒன்று இருட்டாக இருக்கிறது, இல்லைன்னா கலங்கலாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற அத்தை போனில் எடுத்த படம் அதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. "இதுக்கா இவ்வளவு பணம்?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிட்டால், பிள்ளைக்கு அந்தக் கேமராவைத் தொடவே மனசு வராது.

கேமரா மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த 40 ஆயிரத்தில் எதுக்கு எவ்வளவு போட்டோம் என்பதில்தான் கோளாறு. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த பட்ஜெட்டில் சரியான கூட்டணி இதுதான்: நல்ல நிலையில் இருக்கும் பழைய பாடி ஒன்று, அதோடு வரும் 18-55 எம்.எம். கிட் லென்ஸ், கூடவே ஒரு 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். ஏன் என்று பார்ப்போம்.

கிட் லென்ஸ் எங்கே தடுமாறுது?

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மோசமான லென்ஸ் இல்லை. பகல் வெளிச்சத்தில், வாசலில், பீச்சில், ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் அருமையாக வேலை செய்யும். 18-ல் வைத்தால் கோபுரம் முழுசாக அடங்கும். 55-ல் வைத்தால் ஒரு முகத்தை ஓரளவு பக்கத்தில் இழுக்கலாம். கத்துக்கிறதுக்கு இதைவிட நல்ல லென்ஸ் கிடையாது.

தடுமாற்றம் எல்லாம் கூரைக்குக் கீழே வந்ததும்தான். லென்ஸ் மேல் '3.5-5.6' என்று எழுதியிருக்கும். லென்ஸின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிசு, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். கிட் லென்ஸை 55 பக்கம் திருப்பியதும் திறப்பு 5.6-க்குச் சுருங்கிவிடுகிறது. 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அதே இடத்தில் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

10 மடங்கு என்றால் நடைமுறையில் என்ன? ஒரு மண்டபத்தில் கிட் லென்ஸ் போட்டு எடுக்கும்போது கேமரா 1/15 விநாடி ஷட்டர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும், மாப்பிள்ளை குனிந்துவிடுவார். படம் இழுபடும். அதே வெளிச்சத்தில், அதே ஐ.எஸ்.ஓ.-வில், எஃப் 1.8 லென்ஸ் போட்டால் ஷட்டர் 1/150 பக்கத்தில் வந்துவிடும். குழந்தை அழுதாலும் கண்ணீர்த் துளி தெளிவாக விழும்.

"என் லென்ஸில் ஐ.எஸ். இருக்கே, ஆட்டத்தைச் சரிபண்ணாதா?" என்று கேட்கலாம். கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர். என்று வரும் அந்த வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் வாங்கும் 18-55-ல் அந்த எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. அவை இல்லாத 18-55 லென்ஸ்களும் உண்டு.

அப்போ அத்தை போனில் எடுத்த படம் எப்படி நல்லா வந்தது? போன் ஒரே நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது நல்லா ஒத்துப்போகும். ஓடும் பிள்ளைக்கும் ஆடும் கரகத்துக்கும் அந்த வித்தை முழுசாகக் கைகொடுக்காது. அங்கேதான் பெரிய சென்சாரும் அகலத் திறக்கும் லென்ஸும் காசுக்கு நியாயம் செய்யும்.

50 எம்.எம். வாங்கிட்டா எல்லாம் சரியாகிடுமா?

ஆகாது. இந்த லென்ஸைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் ரெண்டு விஷயங்கள் இருக்கு.

முதலாவது, இடம். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி என்ற அளவு சென்சார். கேனானில் அதன் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர். இதில் 50 எம்.எம். லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 80 எம்.எம். போட்ட மாதிரி நெருக்கமாகக் காட்டும். 3 மீட்டர் தள்ளி நின்று கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் ஒன்றேகால் மீட்டர் சொச்சம்தான். ரெண்டு பேர் ஒட்டி நிற்கலாம். ஹாலில் தாத்தா பாட்டியோடு எட்டுப் பேரை நிறுத்தி எடுக்கணும்னா, நீங்க பின்னாடியே போய் அடுப்படிக்குள் நின்றாலும் பத்தாது. அந்த மாதிரி நேரத்துக்குத்தான் கிட் லென்ஸின் 18 எம்.எம். கூடவே இருக்கணும். 50 வாங்கியதும் கிட் லென்ஸை விற்றுவிடாதீங்க.

இரண்டாவது, ஃபோகஸ். 1.8-ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர். ஒரு கண் தெளிவு, இன்னொரு கண் மசமசப்பு என்று ஆகிவிடும். குரூப் போட்டோவை 1.8-ல் எடுத்தால் பின்வரிசை மொத்தமும் கோவித்துக்கொள்ளும். தனி முகத்துக்கு 2.2, 2.8 என்றும், ரெண்டு மூணு பேருக்கு 4 என்றும் வைத்துப் பழகுங்க. பின்னணி முழுசாகக் கரைவது பார்க்க அழகுதான். ஆனால் கோயில் வாசலில் எடுத்த படத்தில் கோயிலே தெரியவில்லை என்றால், வீட்டுக்காரங்க கேட்கத்தான் செய்வாங்க!

50 ரொம்ப நெருக்கமாகத் தோன்றினால் மாற்று உண்டு. கேனானில் 24 எம்.எம். எஃப் 2.8 எஸ்.டி.எம்., நிக்கானில் 35 எம்.எம். எஃப் 1.8 ஜி. எது நமக்குச் சரி என்று காசு கொடுக்காமலே கண்டுபிடிக்கலாம். ஒரு வாரம் கிட் லென்ஸோடு சுத்துங்க. பிறகு கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்து, பிடித்த 50 படங்கள் எந்த எம்.எம்.-ல் எடுக்கப்பட்டவை என்று பாருங்க. ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் அது பதிவாகியிருக்கும். 24-ஐச் சுற்றியே இருந்தால் 24 வாங்குங்க. 50 பக்கம் சாய்ந்தால் 50. கடைக்காரரைவிட, யூடியூபில் பேசுபவரைவிட இந்தக் கணக்கு சரியாகச் சொல்லும்.

'ரெண்டு லென்ஸ் ஆஃபர்' லாபமா?

18-55 கூடவே ஒரு 55-250 அல்லது 70-300 சேர்த்துத் தரும் இரட்டை லென்ஸ் கிட்தான் கடைகளில் அதிகம் நீட்டப்படுவது. பெரிய லென்ஸ், பார்க்கவும் கெத்தா இருக்கும். வேடந்தாங்கலில் பறவை எடுக்க, மைதானத்தில் கிரிக்கெட் எடுக்க, அது நியாயமான தேர்வு. 250 எம்.எம். இந்த சென்சாரில் 400 எம்.எம். போல எட்டிப்பிடிக்கும்.

ஆனால் அதுவும் நீட்டிய நிலையில் எஃப் 5.6 தான். மண்டபத்தில், கல்லூரி ஆடிட்டோரியத்தில், மாலை ஆறு மணிக்கு மேல் கிட் லென்ஸுக்கு இருந்த அதே பிரச்னை இதில் இன்னும் கூடும். இதை எழுதுபவர் முதல் கேமரா வாங்கியபோது இந்த ஆஃபரில்தான் விழுந்தார். நீள லென்ஸ் ஒரு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை வெளியே வந்திருக்கும். மற்ற நாளெல்லாம் பீரோவில் இருந்து, கடைசியில் உள்ளே பூஞ்சை பிடித்தது. 50 எம்.எம். வாங்க அதற்கப்புறம் தனியாகக் காசு சேர்க்க வேண்டியிருந்தது.

சரி, பாடி எது?

கேனான் பக்கம் அதிகம் புழங்குவது 2018-ல் வந்த 1500டி. 24 மெகாபிக்சல், 9 ஃபோகஸ் புள்ளிகள், ஃபுல் எச்டி வீடியோ. அதே ஆண்டு வந்த 3000டி இன்னும் மலிவு. 18 மெகாபிக்சல், சின்ன ஸ்கிரீன், லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். பட்ஜெட் ரொம்ப இறுகினால் தவிர 3000டி வேண்டாம் என்பதே நம் கருத்து. காரணம் மெகாபிக்சல் இல்லை. 18 மெகாபிக்சல் படத்தை 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்தில் தாராளமாகப் போடலாம். அடிக்கடி லென்ஸ் மாத்தும் கைக்கு அந்த பிளாஸ்டிக் வளையமும் சின்ன ஸ்கிரீனும்தான் உறுத்தும்.

வீடியோவும் எடுக்கணும் என்றால் கணக்கே வேறு. 1500டி-யில் வெளி மைக் மாட்ட ஓட்டை கிடையாது. நிக்கான் டி3500-லும் இல்லை. குறும்படம் எடுக்கப் போகும் விஸ்காம் மாணவர் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு தனி ரெக்கார்டர் தேடி அலைவது சகஜம். 200டி அல்லது 200டி மார்க் 2 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதைப் பிடிங்க. மைக் மாட்டலாம், ஸ்கிரீனைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம், ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸும் 1500டி-யைவிட எவ்வளவோ வேகம். மார்க் 2-வில் 4கே இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். 4கே-வில் படம் ஓரங்களில் வெட்டுப்படும், அந்த வேகமான ஃபோகஸும் வேலை செய்யாது. ஃபுல் எச்டி-யே போதும்.

இன்னொரு விஷயம், ஃபிளாஷ். கேனானின் 3000டி, 200டி மார்க் 2 போன்ற பாடிகளில், தலைமேல் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய தொடுபுள்ளியை நிறுவனமே எடுத்துவிட்டது. மலிவு விலை மேனுவல் ஃபிளாஷ்கள் அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் எரியும். அதனால் இந்த பாடிகளில் அவை எரியாது. சின்ன விசேஷங்களுக்குப் போய் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால், எந்த பாடியாக இருந்தாலும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்க.

நிக்கானில் டி3500 நல்ல கேமரா. ஒரு சார்ஜில் 1,500 படங்களுக்கு மேல் தாங்கும் பேட்டரி அதன் பெரிய பலம். 1500டி-க்கு அந்தக் கணக்கு 500தான். இப்போது தயாரிப்பில் இல்லாததால் பழசாகத்தான் தேட வேண்டும். ஆனால் நிக்கானில் ஒரு குழி இருக்கு. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 எம்.எம். எஃப் 1.8 'டி' என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். 'ஏ.எஃப்-எஸ்' என்று எழுதிய 'ஜி' லென்ஸ்தான் வேண்டும். தலைகீழாகவும் ஒரு சிக்கல்: புதிய 'ஏ.எஃப்-பி' லென்ஸ்கள் டி90, டி3100 போன்ற பழைய பாடிகளில் வேலை செய்யாது. கேனானில் இந்தத் தலைவலி இல்லை. பழைய ஈ.எஃப் லென்ஸ் எதை மாட்டினாலும் ஃபோகஸ் ஓடும். முதல் கேமராவுக்கு நாம் கேனான் பக்கம் சாய்வதற்கு இதுதான் பெரிய காரணம். 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்.டி.எம். 2015-ல் வந்தது, எடை 160 கிராம், செகண்ட் ஹேண்டில் தட்டுப்பாடே இல்லை.

டிஎஸ்எல்ஆர் காலமே முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. கேனான், நிக்கான் இரண்டும் 2018-ல் புதிய மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. 2020-க்குப் பிறகு அவர்களின் கவனம் முழுக்க அந்தப் பக்கம்தான். புது டிஎஸ்எல்ஆர் மாடலுக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

பட்ஜெட் பார்ப்பவருக்கு இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கு. மிரர்லெஸ்ஸுக்கு மாறுபவர்கள் விற்கும் டிஎஸ்எல்ஆர்கள் சந்தையில் நிறைய வருகின்றன. நல்ல பாடி, லென்ஸ் எல்லாம் இறங்கிய விலையில் கிடைப்பது அதனால்தான். லென்ஸில் போட்ட காசும் வீணாகாது. நாளைக்கு கேனான் ஆர் வரிசை மிரர்லெஸ் வாங்கினால், ஒரு அடாப்டர் மாட்டி இதே 50 எம்.எம். லென்ஸை ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். பாடியைவிட லென்ஸில் பணம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாமே புதுசாக வேண்டும், பட்ஜெட்டும் இன்னும் 20, 30 ஆயிரம் ஏறும் என்றால் நேராக மிரர்லெஸ் பாருங்க. அந்த விலைக்குப் புது டிஎஸ்எல்ஆர் வாங்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் லென்ஸ். நம்ம ஊர் ஈரப்பதத்தில், அதுவும் கடலோர ஊர்களில், பூஞ்சைதான் முதல் எதிரி. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். சில தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அடுத்து பாடி. வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் வைத்து ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்க. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. அது சுத்தம் செய்யக் கூடியதுதான், விலை பேச உதவும். பிறகு எத்தனை தடவை ஷட்டர் ஓடியிருக்கு என்ற எண்ணிக்கை. நிக்கானில் ஒரு ஜேபெக் படத்தை வைத்தே அதை எடுத்துவிடலாம். கேனானின் ஆரம்பநிலை பாடிகளில் அந்த எண் படத்துக்குள் பெரும்பாலும் பதிவாவதில்லை. அங்கே தேய்மானம்தான் சாட்சி: கைப்பிடி ரப்பர் பளபளத்து வழுக்குகிறதா, பட்டன் எழுத்துகள் அழிந்திருக்கிறதா, ஃபிளாஷ் மாட்டும் தகட்டில் கீறல் நிறைய இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அது மண்டபம் மண்டபமாக உழைத்த கேமரா. 'வீட்டில் சும்மா வச்சிருந்தது' என்ற கதையை நம்ப வேண்டாம்.

பெயரையும் கவனிங்க. இங்கே 1500டி என்று விற்கப்படும் அதே கேமரா ஐரோப்பாவில் 2000டி, அமெரிக்காவில் ரெபெல் டி7. 200டி மார்க் 2-க்கு அங்கே 250டி, ரெபெல் எஸ்எல்3 என்று பெயர். பாடியில் அந்த வெளிநாட்டுப் பெயர் இருந்தால் அது வெளியிலிருந்து வந்த சரக்கு. கேமரா ஓடும், ஆனால் இந்திய வாரண்டி கேட்டுப் போக முடியாது. அசல் பில் இல்லாமல் எதையும் வாங்காதீங்க. திருட்டு கேமராவாக இருந்தால் பணமும் போய், ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டிவரும். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்க.

40 ஆயிரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

விலை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். அதனால் இதை ஒரு வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. பழைய பாடியும் 18-55 லென்ஸும் சேர்த்து 25 ஆயிரத்தைத் தாண்ட வேண்டாம். 50 எம்.எம்.-க்கு 8 முதல் 10 ஆயிரம் வரை ஒதுக்குங்க. லென்ஸையும் பழசாக வாங்கினால் இன்னும் மிஞ்சும். பாக்கிப் பணத்தில் 32 ஜி.பி. கார்டு ரெண்டு. ஒரே பெரிய கார்டு வாங்கி அது ஒருநாள் பழுதானால் மொத்த விசேஷமும் போச்சு. 1500டி என்றால் ஒரு உபரி பேட்டரி கட்டாயம். இலவசமாகத் தரும் ஆட்டம்போடும் ட்ரைபாடுக்காக எந்த ஆஃபரையும் எடுக்காதீங்க. அதன் மேல் கேமராவை வைப்பதே பயம்.

கல்லூரிக்காக வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. முதல் வருஷம் லேப் கேமராவையே கொடுக்கும் கல்லூரிகள் இருக்கு. அப்படியானால் அவசரமே இல்லை. அந்த ஒரு வருஷத்தில் எந்த எம்.எம். உங்கள் கைக்கு வருகிறது என்றும் தெரிந்துவிடும், சீனியர்கள் விற்கும் பாடியும் கிடைக்கும்.

வாங்கி வந்த பிறகு தோல் பையிலோ பீரோவிலோ போட்டு மூடி வைக்காதீங்க. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், ஈரம் ஏறியது கண்ணுக்கே தெரியும், மாற்றிவிடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அரிசி மாவுத் தூசி ஜூம் வளையத்துக்குள் போய்விட்டால், சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும்.